4294967297: கையாலேயே உடைத்துக் காட்ட வழி உண்டுங்களா?

கோபி_கணக்கு கேட்டது:

வணக்கமுங்க. டிசம்பர் 22 தேசியக் கணித நாள் வருது. ராமானுஜன் 1887-ல் பிறந்தது நம்ம ஈரோட்டில் என்பதால் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் அன்றைக்குக் கண்காட்சி இல்லாமல் இருக்காது. இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரே ஓர் எண்ணைக் கொடுத்து, அதை நாலு பக்கமும் துருவச் சொல்லலாம் என்று இருக்கிறேன். எண்: 4294967297. அதாவது 2^32 + 1.

பின்னணி தெரிந்ததுதான். 2^1 + 1 = 3, 2^2 + 1 = 5, 2^4 + 1 = 17, 2^8 + 1 = 257, 2^16 + 1 = 65537. அடுக்கை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் ஐந்தும் பகா எண். அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். 1732-ல் ஆய்லர் அது 641 × 6700417 என்று காட்டிவிட்டார்.

பிள்ளைகள் இதுவரை செய்தது: இலக்கக் கூட்டல் 59, ஆகவே 9-ஆல் வகுத்தால் மீதி 5. 7-ஆலும் மீதி 5, 11-ஆலும் மீதி 5. 13-ஆல் மீதி 10. இதற்கு மேல் வரிசையாகப் போனால் 641 என்பது 116-வது பகா எண். 2-ஐ விட்டாலும் 115 வகுத்தல். 65536 வரைக்கும் போகவேண்டி வந்திருந்தால் 6542 பகா எண்கள். இதைக் கரும்பலகையில் செய்ய முடியாது.

சந்தேகங்கள் மூன்றுங்க. ஆய்லர் 641-ஐ எப்படிப் பிடித்தார், அதைப் பத்தாம் வகுப்புக்குப் புரியும்படி செய்ய முடியுமா? காரணி போடும் பொத்தான் உள்ள சயின்டிபிக் கால்குலேட்டரில் போட்டால் 641×(6700417) என்று அடைப்புக்குறியோடு காட்டுகிறது. அந்த அடைப்புக்குறி எதற்கு, 6700417 பகா எண் என்று நாமே எப்படி உறுதி செய்வது? கடைசியாக, லேபில் சி மொழியில் புரோகிராம் எழுதிய பிள்ளைகளில் சிலருக்கு 2^32 + 1 = 1 என்றும் சிலருக்கு 2 என்றும் வருகிறது. எக்செல்லில் மீதி ஃபார்முலா போட்டால் சிறிய எண்களுக்குப் பிழை காட்டுகிறது. எங்கே கோளாறு?

---

நொய்யல்கரை எழுதியது:

641 குருட்டாம்போக்கில் கிடைத்ததில்லைங்க சார். எந்த மாதிரி எண்தான் காரணியாக வர முடியும் என்று முதலில் சலித்துவிட்டால் மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம்.

ப என்ற ஒற்றைப் பகா எண் 2^32 + 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 2^32-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1 (ப−1 என்று எழுதினாலும் அதேதான்). அதை வர்க்கப்படுத்தினால் 2^64-இன் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று அடுக்குகளின் மீதிகளை வரிசையாக எழுதிக்கொண்டே போனால், எந்த இடத்தில் முதல்முறையாக 1 வருகிறதோ அதுதான் சுழற்சியின் நீளம். அந்த நீளம் 64-ஐ வகுக்கவேண்டும். 64-ஐ விடச் சின்னதாக இருக்குமா? 64-இன் மற்ற வகுத்திகள் 1, 2, 4, 8, 16, 32. இவை எல்லாமே 32-ஐயும் வகுக்கும். அப்படியானால் 2^32-இன் மீதி 1 ஆகியிருக்க வேண்டும். ஆனால் நமக்கு வந்தது −1. ஆகவே நீளம் சரியாக 64.

ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2^(ப−1)-இன் மீதி 1. ஆகவே சுழற்சி நீளமான 64, ப−1-ஐ வகுத்தே ஆகவேண்டும். முடிவு: ப = 64க + 1 (க ஏதோ ஒரு முழு எண்).

இதை வைத்து வரிசை போடுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும்தான். 115 வகுத்தல் ஐந்தாகக் குறைந்துவிட்டது. இந்த இடத்தில் பிள்ளைகளையே நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள், அப்போதுதான் தேற்றத்தின் பலம் கைக்குத் தெரியும்.

பத்து இலக்க எண்ணை நீள்வகுத்தல் செய்யவும் வேண்டாம். 2^16 = 65536-இன் மீதியைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு தடவை வர்க்கப்படுத்தி, மறுபடி மீதி எடுத்தால் 2^32-இன் மீதி. 1 கூட்டினால் நம் எண்ணின் மீதி.

193: 65536-இன் மீதி 109. 109² = 11881, மீதி 108. கூட்டினால் 109.
257: 2^8 = 256, மீதி −1. ஆக 2^16-க்கு 1, 2^32-க்கும் 1. கூட்டினால் 2.
449: 65536-இன் மீதி 431. இதை −18 என்று எழுதுங்கள், 18² = 324. கூட்டினால் 325.
577: மீதி 335. 335² = 112225, மீதி 287. கூட்டினால் 288.
641: 102 × 641 = 65382, ஆக மீதி 154. 154² = 23716. 36 × 641 = 23076. மீதி 640. கூட்டினால் 641, அதாவது 0.

449-இல் செய்த மாதிரி மீதி பாதிக்கு மேலே போனால் கழித்தல் குறியோடு எழுதப் பழக்குங்கள். 431-ஐ வர்க்கப்படுத்தும்போதுதான் பிள்ளைகள் தப்பு விடுவார்கள்; 18-ஐ வர்க்கப்படுத்தும்போது விடமாட்டார்கள்.

641 என்று தெரிந்த பிறகு, வகுத்தலே இல்லாமல் நான்கு வரியில் காட்டும் அழகான வழியும் இருக்கிறது. 641 = 5 × 128 + 1. இன்னொரு வகையில் 641 = 625 + 16, அதாவது 5^4 + 2^4. முதலாவதிலிருந்து, 5 × 2^7-இன் மீதி −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5^4 × 2^28-இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து, 5^4-க்குப் பதில் −2^4 போடலாம். போட்டால் −2^32-இன் மீதி 1. ஆக 2^32 + 1-இன் மீதி 0. சார்ட்டில் எழுத இதுதான் பொருத்தம். ஆனால் இதை மட்டும் காட்டினால் "641 எங்கிருந்து வந்தது?" என்று எந்தப் பிள்ளையும் கேட்கும், கேட்கவும் வேண்டும். அதனால் முதலில் சலித்தல், பிறகு இது.

---

சென்னிமலை_தறி எழுதியது:

நொய்யல்கரை அண்ணா சொன்ன சல்லடையை இன்னும் ஒரு சுற்று இறுக்கலாமுங்க. 1878-ல் லூகாஸ் காட்டியது: காரணி 64க + 1 மட்டும் இல்லை, 128க + 1 வடிவிலேயே இருக்கவேண்டும். பெரிய தேற்றங்கள் இல்லாமலே காரணம் சொல்லலாம்.

ச = 2^24 − 2^8 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ச² = 2^48 − 2 × 2^32 + 2^16. இதில் 2^32 வரும் இடத்திலெல்லாம் −1 போடுங்கள். 2^48 என்பது 2^16 × 2^32, ஆக −2^16. நடு உறுப்பு +2. கடைசி 2^16. முதலும் கடைசியும் அடிபட்டு ச²-இன் மீதி 2 மட்டும் நிற்கும். அப்படியென்றால் ச^64 என்பது 2^32, அதன் மீதி −1. ச^128-இன் மீதி 1. முன்பு 2-க்குச் சொன்ன அதே வாதம் ச-வுக்கும் பொருந்தும். சுழற்சி நீளம் 128. ஆகவே 128, ப−1-ஐ வகுக்கும்.

641-இல் சரிபார்த்துக் காட்டுங்கள். 2^24-இன் மீதி 323, அதில் 256 போனால் ச = 67. 67² = 4489 = 7 × 641 + 2. மீதி 2. எழுத்தில் சொன்னது எண்ணில் அப்படியே வந்து நிற்கிறதைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும்.

இப்போது வரிசை 129, 257, 385, 513, 641. பகா எண்கள் இரண்டே: 257, 641. ஐந்து வகுத்தல் இரண்டாயிற்று.

அடைப்புக்குறி விஷயம். அந்தக் கால்குலேட்டர்கள் மூன்று இலக்கம் வரைக்கும் உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்க்கும், 997 வரை. மிச்சம் இருக்கும் எண் 1009² = 1018081-க்குக் கீழே இருந்தால் அது பகா எண் என்பது உறுதி. அதற்கு மேலே இருந்தால் மெஷினால் எதுவும் சொல்ல முடியாது, அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும். "இது பகா எண்" என்பதும் அதற்குப் பொருளில்லை, "இது பகு எண்" என்பதும் பொருளில்லை. பிள்ளைகள் இரண்டு விதமாகவும் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6700417-ஐ நாமே முடித்துவிடலாம். 2588² = 6697744, 2589² = 6702921. ஆக 2588 வரைக்கும் பார்த்தால் போதும். இங்கேதான் லூகாஸ் வடிவம் பெரிய உபகாரம்: 6700417-இன் எந்தக் காரணியும் 4294967297-இன் காரணிதானே, ஆகவே அதுவும் 128க + 1 வடிவம். 2588 வரைக்கும் அந்த வடிவில் இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. அவ்வளவுதான். 1537 போல் சிலது பகா எண் மாதிரியே தெரியும், ஆனால் அது 29 × 53. 1793 = 11 × 163. 1921 = 17 × 113. 2561 = 13 × 197.

மீதிகள்: 257-க்கு 170. 641-க்கு 44. 769-க்கு 120. 1153-க்கு 334. 1409-க்கு 622. ஒன்றும் பூஜ்யம் இல்லை, ஆகவே 6700417 பகா எண். 641-ஐ மறுபடி போடவேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும். ஒரே காரணி இரண்டு தடவை வரலாம், அதையும் தள்ளியாக வேண்டும். கால்குலேட்டர் 997 வரைக்கும் பார்த்துவிட்டதை நம்பினால் 1153, 1409 இரண்டை மட்டும் கையால் போட்டால் போதும்.

காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மற்ற குணங்கள் சுலபம். வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, எண்ணே. கூட்டுத்தொகை 642 × 6700418 = 4301668356. எண்ணை விட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 6701059, எண்ணோடு ஒப்பிட்டால் மிகச் சின்னது. எண்ணுக்குள் அடங்கி, அதோடு பொதுக் காரணி இல்லாதவை 640 × 6700416 = 4288266240.

---

தாராபுரம்_பிளஸ்டூ எழுதியது:

ஒரு சந்தேகமுங்க அண்ணா. ஃபெர்மா சோதனையில் 2^(எண் − 1)-ஐ எண்ணால் வகுத்தால் மீதி 1 வருதான்னு பார்ப்போம். 4294967297-க்குப் பைத்தானில் போட்டேன், மீதி 1 வருது. அப்போ பகா எண்ணாகத்தானே இருக்கணும்?

---

ஊத்துக்குளி_ரோடு எழுதியது:

இல்லைங்க தம்பி. பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வரும். மீதி 1 வந்தால் பகா எண் என்று திருப்பிச் சொல்ல முடியாது. இந்த எண்ணுக்கு 2-ஐ அடியாக வைத்துச் சோதித்தால் எப்போதும் ஏமாற்றும், காரணமும் லேசானது. 2^32-இன் மீதி −1, 2^64-இன் மீதி 1. எண் − 1 என்பது 2^32, அது 64-ஆல் வகுபடும். ஆகவே 2^(எண் − 1)-இன் மீதி 1 வராமல் இருக்கவே முடியாது. 2^64 + 1, 2^128 + 1 எதை எடுத்தாலும் இதே கதை. அந்தச் சோதனையை இந்தக் குடும்பத்து எண்களிடம் 2-ஐ வைத்துக் கேட்பதே வீண்.

3-ஐ வைத்துக் கேளுங்கள். 1877-ல் பெப்பான் சொன்ன சோதனை: 3^((எண் − 1)/2)-இன் மீதி −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். ரெண்டு பக்கமும் உறுதி. இங்கே (எண் − 1)/2 = 2^31. அதாவது 3-இல் தொடங்கி 31 தடவை வர்க்கப்படுத்தி மீதி எடுக்கவேண்டும். பகா எண்ணாக இருந்தால் கடைசியில் 4294967296 வரவேண்டும். வருவது 10324303. ஆகவே பகு எண். கவனியுங்கள், காரணி என்ன என்று இது சொல்லவில்லை. உடையும் என்று மட்டும் சொல்கிறது.

பைத்தானில் எண் எவ்வளவு பெரிசானாலும் தாங்கும். 3-ஐ அடுக்குக்கு ஏற்றிவிட்டு அப்புறம் மீதி எடுக்கவேண்டாம், மெமரி தாங்காது. பவர் ஃபங்ஷனுக்கு மூன்றாவது உள்ளீடாக வகுக்கும் எண்ணையும் கொடுங்கள், ஒவ்வொரு அடியிலும் மீதி எடுத்துக்கொண்டே போகும்.

இப்போ சார் கேட்ட சி புரோகிராம். சாதாரண இன்ட் (சி-யின் முழு எண் வகை) 32 பிட். 2-ஆல் 32 தடவை பெருக்கிக்கொண்டே போனால் எல்லா பிட்டும் வெளியே தள்ளப்பட்டு பெரும்பாலும் 0 நிற்கும், 1 கூட்டினால் 1. அதுதான் முதல் கூட்டம். இரண்டாவது கூட்டம் பெருக்காமல், 1-ஐ 32 இடம் இடப்பக்கம் நகர்த்தியிருப்பார்கள். பல கம்ப்யூட்டர்களில் பிராசசர் நகர்த்தும் அளவை 32-ஆல் வகுத்த மீதியாகத்தான் எடுத்துக்கொள்ளும். 32-க்கு மீதி 0, ஆக நகரவே இல்லை, 1 அப்படியே நின்றது, ஒன்று கூட்டி 2. இரண்டுமே சி மொழி விதிப்படி வரையறுக்கப்படாதவை, இன்னொரு கம்பைலரில் வேறு விடையும் வரலாம். 64 பிட் குறியில்லா வகைக்கு மாற்றி, 1 என்ற மாறிலியையும் அதே வகையாக எழுதச் சொல்லுங்கள். மாறியை மட்டும் மாற்றிவிட்டு மாறிலியை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

64 பிட்டுக்கு மாற்றிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது, இது நிறையப் பேர் கண்ணில் படாது. மீதிகள் 0-இலிருந்து 4294967296 வரை. 4294967295-ஐ வர்க்கப்படுத்தினால் 64 பிட்டுக்குள் அடங்கும். 4294967296-ஐ வர்க்கப்படுத்தினால் சரியாக 2^64, ஒரு பிட் தாண்டி 0 ஆகிவிடும். இத்தனை கோடி மீதிகளில் அந்த ஒரே ஒன்றுதான் கெடும். அந்த ஒன்றுதான் −1, சோதனையில் நாம் தேடுகிற மீதியே அதுதான். 2-ஐ அடியாக வைத்து ஓட்டினால் 2, 4, 16, 256, 65536, 4294967296, அடுத்து 1 வரவேண்டிய இடத்தில் 0, அப்புறம் கடைசி வரை 0. புரோகிராம் "பகு எண்" என்று சொல்லும். விடை சரி, வழி முழுக்கத் தப்பு. இப்படி வரும் சரியான விடைக்கு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். குறியுள்ள 64 பிட் வகை என்றால் 2^63-லேயே கெட்டுவிடும், அதனால் இன்னும் மோசம். ஒவ்வொரு அடியையும் திரையில் அச்சிடச் சொன்னால் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்.

எக்செல்: பழைய பதிப்புகளில் மீதி காணும் மாட் (MOD) ஃபார்முலாவுக்கு ஓர் எல்லை உண்டு. ஈவு 13,42,17,728-ஐ (2^27) எட்டினால் பிழை காட்டும். 4294967297-ஐ 31-ஆல் வகுத்தால் ஈவு அதைத் தாண்டும், 37-ஆல் வகுத்தால் தாண்டாது. அதனால்தான் 31 வரைக்கும் பிழை, 37-லிருந்து விடை. எண்ணிலிருந்து வகுத்தி × முழு ஈவைக் கழிக்கும்படி நீங்களே ஃபார்முலா எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, ஆகவே பெப்பான் சோதனையை அதில் ஓட்டக் கூடாது. வர்க்கம் 20 இலக்கம் வரைக்கும் போகும், கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும், மீதி எல்லாம் பொய்.

---

கூடுதுறை எழுதியது:

இந்த எண்ணில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியை யாரும் தொடவில்லையே. 4294967297 என்பது 65536² + 1². இரண்டு வர்க்கங்களின் கூட்டல் என்பது பார்த்தவுடனே தெரியும். இன்னொரு விதமாகவும் அதை எழுதலாம்:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297.

4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத ஒரே ஒரு வழிதான் உண்டு. இரண்டு வழி கிடைத்தாலே அது பகு எண். கிடைத்தால் காரணியையும் அதிலிருந்தே கறந்துவிடலாம், அதுவும் ஆய்லர் கொடுத்த முறைதான். இப்படிச் செய்யுங்கள்.

இரட்டைப்படை ஜோடி 65536, 62264. வித்தியாசம் 3272, கூட்டல் 127800. ஒற்றைப்படை ஜோடி 20449, 1. வித்தியாசம் 20448, கூட்டல் 20450. வித்தியாசங்கள் இரண்டுக்கும் மீ.பொ.வ. எடுங்கள்: 3272 = 8 × 409, 20448 = 8 × 2556, ஆக 8. கூட்டல்கள் இரண்டுக்கும் மீ.பொ.வ.: 127800 = 50 × 2556, 20450 = 50 × 409, ஆக 50. அதே 409-உம் 2556-உம் இடம் மாறி வந்திருப்பதைக் கவனியுங்கள், வரவில்லை என்றால் எங்கோ கூட்டலில் தப்பு. இப்போது 8-இலும் 50-இலும் பாதி எடுங்கள், 4, 25.

4² + 25² = 16 + 625 = 641.
409² + 2556² = 167281 + 6533136 = 6700417.

இரண்டு காரணிகளும் வந்துவிட்டன. நொய்யல்கரை அண்ணா சொன்ன 625 + 16 இங்கே மறுபடி தலை காட்டுகிறது பாருங்கள்.

திரும்பிப் போகும் வழியையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள். 25-உம் 4-உம் ஒரு பக்கம், 2556-உம் 409-உம் ஒரு பக்கம். 25 × 2556 = 63900, 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கூட்டினால் 20449, கழித்தால் 1. 10225-உம் 10224-உம் ஒன்றே ஒன்று வித்தியாசப்படுவதால்தான் நம் எண் 65536² + 1 ஆக நிற்கிறது. இந்த ஒரு வரியை அவர்கள் கையால் பெருக்கிப் பார்க்கட்டும் சார், அது மனசில் நிற்கும்.

ஒன்று நேராகச் சொல்லவேண்டும்: காரணி தெரியாமல் 62264, 20449 என்ற ஜோடியைத் தேடுவது லேசான வேலை இல்லை. அதனால் இதைக் கண்டுபிடிக்கும் முறையாகக் காட்டாதீர்கள். ஜோடியைக் கொடுத்துவிட்டு, "இதிலிருந்து காரணியை எடு" என்று கேளுங்கள்.

---

பீளமேடு_பட்டறை எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. கண்காட்சி என்றால் கவராயமும் அளவுகோலும் வைத்து ஒரு மேஜை போடலாம். 1796-ல் கௌஸ் 17 பக்க ஒழுங்கு பலகோணத்தைக் கவராயத்தாலும் அளவுகோலாலும் வரையலாம் என்று காட்டினார். பகா எண் பக்கங்களில் அப்படி வரையக்கூடியவை ஃபெர்மா வடிவில் இருப்பவை மட்டும்: தெரிந்தவரை 3, 5, 17, 257, 65537. வேறெதுவும் முடியாது என்ற பாதியை 1837-ல் வான்ட்செல் நிறுவினார். 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் அதுவும் வரிசையில் சேர்ந்திருக்கும். 641 அந்த எண்ணின் காரணியாக இருந்தாலும், தானே அந்த வடிவில் இல்லை, அதனால் 641 பக்கத்தை வரைய முடியாது. மாணவர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள்.

பட்டறையில் இதன் இன்னொரு முகம் தெரியும். மில்லிங் மெஷினில் வட்டத்தைச் சம பிரிவுகளாக்க உதவும் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடி 40 சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று. 640 பிரிவு வேண்டுமென்றால் 40/640 = 1/16 சுற்று, 16 துளை வட்டத்தில் ஒரு துளை நகர்த்தினால் போதும். 641 பிரிவு என்றால் 40/641 சுற்று. 641 பகா எண், 40-ஓடு எதுவும் அடிபடாது, 641 துளை உள்ள பிளேட் கிடையாது. நேர் முறையில் வெட்டவே முடியாது. கியர் சேர்த்து பிளேட்டையே நகரவைக்கும் டிஃபரென்ஷியல் முறைக்குத்தான் போகவேண்டும். ஒன்று கூடினால் வேலை எப்படி மாறுகிறது என்பதற்குக் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் இல்லை.

---

கோபி_கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. சல்லடை மேஜை ஒன்று, வர்க்க ஜோடி மேஜை ஒன்று, கம்ப்யூட்டர் மேஜை ஒன்று, கவராயம் ஒன்று என்று பிரித்துக்கொள்கிறேன். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள். அடுக்கு, மீதி எல்லாம் தெரியாதவர்கள். அவர்களுக்குக் கையில் கொடுக்க ஏதாவது உண்டா? அப்புறம், இதற்கு அடுத்த எண் 2^64 + 1 என்ன ஆகும் என்றும் கேட்பார்கள்.

---

நொய்யல்கரை எழுதியது:

சின்னப் பிள்ளைகளுக்கு 1 ÷ 641-ஐ நீள்வகுத்தலாகக் கொடுங்கள் சார். தசமப் புள்ளிக்குப் பிறகு 32 இலக்கம் போனதும் மறுபடி முதலிலிருந்து வரும்:

0.0015600624024960 9984399375975039 …

முதல் 16 இலக்கத்தை மேலேயும் அடுத்த 16-ஐக் கீழேயும் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். 0015600624024960 + 9984399375975039 = பதினாறு 9. ஒரு இலக்கம் பிசகினாலும் கூட்டலில் தெரிந்துவிடும், ஆகவே திருத்த உங்களுக்கும் சுலபம். 16-வது இலக்கம் முடிந்ததும் மீதி 640 நிற்கவேண்டும்; அங்கே ஒரு தடவை நிறுத்திப் பார்க்கச் சொன்னால், தப்புப் போனவர்கள் பாதியிலேயே திரும்பிவிடலாம்.

இது தற்செயல் இல்லை. 641-ஆல் வகுத்தால் 10^8-இன் மீதி 154. 2^16-இன் மீதியும் அதே 154தான். ஆகவே 10^16-உம் 2^32-உம் ஒரே மீதி, 640. அதனால் 10^16 + 1-ஐயும் 641 வகுக்கும், ஈவு 15600624024961. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதன் காரணத்தை 5^4 + 2^4 = 641-இலிருந்து தாங்களே எடுக்கட்டும்; குறிப்பாக, 5^8-க்கும் 2^8-க்கும் ஒரே மீதி என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

2^64 + 1 = 18446744073709551617. இதை 1880-ல் லாண்ட்ரி உடைத்தார்: 274177 × 67280421310721. சல்லடை இங்கே 256க + 1. 274177 = 256 × 1071 + 1, ஆகவே 1071 வரைக்கும் போகவேண்டும். கையால் வேண்டாம், பைத்தானில் ஒரு சின்ன லூப் போதும். பகா எண்ணா என்று கூடப் பார்க்கவேண்டியதில்லை, 257-லிருந்து 256, 256 ஆகக் கூட்டிக்கொண்டே வகுத்துப் பார்த்தால் 1071-வது சுற்றில் நிற்கும். சி மொழியில் ஓட்டவேண்டாமுங்க. இந்த எண் 64 பிட்டுக்குள் அடங்காது, மறுபடி அதே 1 வந்து நிற்கும்.